விக்டோரியா காலத்து உழைப்பாளி முன்னோர்: தேடல் எங்கே நிற்கிறது, எப்படி நகர்த்துவது

இங்கிலாந்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் மருமகளோ மருமகனோ அந்த ஊர்க்காரராக இருப்பது இப்போது சகஜம். பேரப்பிள்ளைக்கு வம்சாவளி எழுத உட்கார்ந்தால், அந்தப் பக்கம் 1880 வாக்கில் ஒரு துறைமுகக் கூலியோடோ சலவைக்காரியோடோ நின்றுவிடுகிறது. பெரம்பூர், போத்தனூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கும் இதே சிக்கல் வரும். இப்படிக் கேட்டு வருகிறவர்களோடு உட்கார்ந்து தேடும்போது, வேறு வேறு குடும்பமாக இருந்தாலும் சிக்குகிற இடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அந்த இடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, காசு செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கி எழுதியிருக்கிறேன். உங்கள் தேடல் நிற்கும் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இவர்களில் பெரும்பாலோர் உயில் எழுதவில்லை, பத்திரம் பதியவில்லை, பெயர் வெட்டிய கல் வைக்கவில்லை. ஆனால் இவர்களுக்காக வேறு யாரோ காசு செலவழித்தார்கள், செலவழித்தவர் கணக்கு எழுதினார். ஆகவே வழி அடைபடும் ஒவ்வொரு இடத்திலும் கேட்கவேண்டிய கேள்வி: இந்த ஆளுக்கு அப்போது காசு கொடுத்தது யார்? குடும்பமா, பாரிஷா (சர்ச்சை மையமாகக் கொண்ட வட்டாரம்), வொர்க்ஹவுஸா (வழியற்ற ஏழைகளைத் தங்கவைத்து வேலைவாங்கிய இல்லம்), மருத்துவமனையா, பட்டாளமா? பதில் கிடைத்தால் பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். ஸ்காட்லாந்தில் 1855 முதல் தனிப் பதிவு. அங்கே இறப்புப் பதிவில் பெற்றோர் பெயரும் இருக்கும் என்பதால் பாதிச் சிக்கல் எழாது.

## இறப்பு இன்டெக்ஸில் பெயரே வரவில்லை

அரசுப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. அதற்குப் பிறகு இறந்தவர் என்றால் பெரும்பாலும் பதிவில் இருக்கிறார், நாம் தேடும் விதத்தில்தான் அகப்படவில்லை.

முதலில் எழுத்து. எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் சொல்ல, பதிவாளர் காதில் விழுந்ததை எழுதினார். லண்டன் கிழக்கில் 'ஹ' ஒலி வாயில் நிற்காது. ஹாரிஸ் ஆரிஸ் ஆவார், ஹன்னா அன்னா ஆவாள். எலன் சில இடத்தில் ஹெலன் ஆகியிருப்பாள். கூப்பிடும் பெயரும் பதிவுப் பெயரும் வேறாக இருக்கும்: பாலி என்றால் மேரி, நான்சி என்றால் ஆன், சாலி என்றால் சாரா, பெக்கி என்றால் மார்கரெட், ஹாரி என்றால் ஹென்றி. குடும்பப் பெயரின் முதல் எழுத்தை மாற்றியும் தேடுங்கள், நடு எழுத்துகளுக்கு நட்சத்திரக் குறி போட்டும் தேடுங்கள்.

அடுத்து, இரண்டு இன்டெக்ஸிலும் தேடினீர்களா? ஃப்ரீபிஎம்டி தளத்தில் இருப்பது பழைய காலாண்டு இன்டெக்ஸின் நகல். அதில் இறந்தவர் வயது 1866 முதல்தான் வரும். ஜி.ஆர்.ஓ. என்ற பொதுப் பதிவாளர் அலுவலகம் தன் பதிவேடுகளிலிருந்தே புதிதாக ஓர் இன்டெக்ஸ் தயாரித்திருக்கிறது. அதில் 1837 முதலே வயது உண்டு. ஒன்றில் தவறிய பெயர் மற்றொன்றில் வரும். ஜி.ஆர்.ஓ. இன்டெக்ஸில் ஒரு வழுக்கல்: மூன்று மாதத்தில் இறந்த குழந்தைக்கு மூன்று வயது என்று பதிவாகியிருப்பது உண்டு. குழந்தையைத் தேடுகிறவர்கள் வயதைக் கட்டாயமாக்காமல் தேடவேண்டும்.

காலாண்டு என்பது பதிவு செய்த நாளை வைத்து. டிசம்பர் கடைசியில் இறந்தவர் அடுத்த ஆண்டு மார்ச் காலாண்டில் இருப்பார்.

இதெல்லாம் பார்த்தாகிவிட்டது என்றால் மாவட்டத்தைச் சந்தேகப்படுங்கள். இறப்பு பதிவாவது இறந்த இடத்தில், வாழ்ந்த இடத்தில் அல்ல. பாரிஷ்கள் பல சேர்ந்து ஏழைகளைப் பராமரித்த அமைப்புக்கு யூனியன் என்று பெயர். நடு லண்டனின் ஸ்ட்ராண்ட் யூனியன் தன் வொர்க்ஹவுஸை 1870-இல் வடக்கே எட்மண்டனில் கட்டியது. நகர நடுவில் ஆயுள் முழுக்கக் கூலிவேலை செய்த கிழவரின் இறப்பு எட்மண்டன் மாவட்டத்தில் கிடக்கும். மருத்துவமனை, மனநலக் காப்பகம், மகள் வாழ்க்கைப்பட்ட ஊர் என்று வட்டத்தை விரிக்கவேண்டும்.

பெண் என்றால் மறுமணத்தைப் பாருங்கள். கணவனை இழந்து கைக்குழந்தையோடு நின்ற பெண் ஓரிரு ஆண்டுக்குள் மறுபடி மணந்துகொள்வது அன்று சாதாரணம். அவள் இறப்பு இரண்டாம் கணவரின் பெயரில் இருக்கும். 1837 ஜூலைக்குப் பிந்தைய திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் இருக்கும். அவள் பிறந்த வீட்டுப் பெயர் தெரிந்திருந்தால் இதை வைத்தே ஆளை உறுதிசெய்யலாம்.

இன்னும் கிடைக்கவில்லையென்றால் உள்ளூர் பதிவு அலுவலகத்துக்கு எழுதுங்கள். மூலப் பதிவேடு அவர்களிடம்தான் இருக்கிறது, ஜி.ஆர்.ஓ.விடம் இருப்பது அதன் நகல். நகலெடுத்தபோது பிசகிய பெயர் மூலத்தில் சரியாக இருக்கக்கூடும். யுகேபிஎம்டி தளம் வழியாகப் பல மாவட்டங்களின் உள்ளூர் இன்டெக்ஸைக் காசில்லாமல் பார்க்கலாம்.

இந்தக் கட்டத்தில், காசுக்கு வம்சாவளி தேடித் தரும் ஆய்வாளரைக் கூப்பிடவேண்டாம். எந்தப் பத்து ஆண்டுக்குள் இறந்தார் என்றே தெரியாத நிலையில் அவரும் இதே இன்டெக்ஸைத்தான் புரட்டுவார், மணிக்கணக்குக் கூலி உங்கள் தலையில்.

## ஒரே பெயரில் பத்துப் பேர் வருகிறார்கள்

ஜான் ஸ்மித், மேரி பிரவுன் வகை. பத்துச் சான்றிதழையும் வாங்கிக் குவிப்பதுதான் அதிகம் பேர் செய்வது, அதிகம் காசு போவதும் அதில்தான்.

ஒரு தாளில் பத்துப் பேரையும் எழுதுங்கள். குழந்தையாக இறந்தவர்களை வயதை வைத்து அடியுங்கள். மீதிப் பேரை இறந்த தேதிக்கு முந்தைய சென்சஸில் தேடி, வேறு மனைவி, வேறு தொழில், வேறு தெரு என்று தனிக் குடும்பமாக நிற்பவர்களை அடியுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் மிஞ்சுவார்கள். 1881 சென்சஸின் எழுத்துவடிவம் ஃபேமிலிசர்ச்சில் காசில்லாமல் கிடைக்கிறது. கட்டணத் தளங்களைப் பிரிட்டனின் பல பொது நூலகங்களில் உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம். சந்தா கட்டுவதற்கு முன் உங்கள் நூலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மிஞ்சியவர்களுக்கு மட்டும் சான்றிதழ். அதிலும் அச்சடித்த முழுச் சான்றிதழ் வேண்டாம். விக்டோரியா காலத்து இறப்புகளில் பெரும்பகுதிக்கு ஜி.ஆர்.ஓ. பதிவின் டிஜிட்டல் படத்தைச் சான்றிதழ் விலையில் ஒரு சிறு பங்குக்குத் தருகிறது. தகவல் அதேதான்.

படம் வந்ததும் எல்லோரும் இறந்த காரணத்தைப் படிக்கிறார்கள். நீங்கள் முதலில் படிக்கவேண்டியது தகவல் தந்தவர் பெயர். இங்கிலாந்தின் இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் கிடையாது, ஆளை அடையாளம் காட்டுவது அந்தக் கடைசிக் கட்டங்கள்தான். மகள் கைநாட்டு வைத்து, கணவன் வீட்டுப் பெயரோடு இருந்தால் அவள் திருமணத்தைத் தேடினால் போதும், குடும்பம் பிடிபட்டுவிடும். பக்கத்து வீட்டுக்காரி தகவல் தந்திருந்தால் வயதை நம்பாதீர்கள், நாலைந்து ஆண்டு முன்பின் போகலாம்.

தகவல் தந்த இடத்தில் கொரோனர் (இயல்பல்லாத சாவுகளை விசாரிக்கும் அதிகாரி) என்று இருந்தால், விபத்தோ திடீர்ச் சாவோ, விசாரணை நடந்திருக்கிறது. விக்டோரியா காலத்துக் கொரோனர் கோப்புகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டுவிட்டது. அதற்காக மனம் தளரவேண்டாம். உள்ளூர்ச் செய்தித்தாள்கள் இந்த விசாரணைகளை வரி விடாமல் எழுதின. மனைவி சொன்ன சாட்சி, முதலாளி பெயர், விழுந்த சாரத்தின் உயரம் வரைக்கும் இருக்கும். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் தளத்தில் ஆள் பெயரைவிடத் தெருப் பெயரையும் தேதியையும் போட்டுத் தேடுவது பலன் தரும். ஓர் ஏழைத் தொழிலாளியின் குடும்பத்தார் பேசிய சொற்கள் அச்சில் நிற்கும் இடம் பெரும்பாலும் இது ஒன்றுதான். ஆகவே இதைத் தவறவிடாதீர்கள்.

## சான்றிதழ் இருக்கிறது, அடக்கம் செய்த இடம் தெரியவில்லை

இங்கிலாந்தின் இறப்புச் சான்றிதழில் அடக்கம் செய்த இடம் குறிக்கப்படாது. அதனால் கிட்டத்தட்ட எல்லோரும் இங்கே வந்து நிற்கிறார்கள்.

செலவே இல்லாத சோதனை வீட்டில் இருக்கிறது. கறுப்புக் கரை போட்ட நினைவு அட்டைகள் அன்று ஏழை வீடுகளிலும் அச்சடிக்கப்பட்டன. அவற்றில் கல்லறைத் தோட்டத்தின் பெயரும், சில நேரம் குழி எண்ணும் இருக்கும். பைபிளுக்குள், பழைய பிஸ்கட் டப்பாவுக்குள், இன்ஷூரன்ஸ் தாளோடு மடித்து வைத்திருப்பார்கள். வயதான உறவினர் எல்லோரையும் ஒருமுறை கேளுங்கள்.

அது இல்லையென்றால் இறந்த ஆண்டைப் பாருங்கள். 1850-களின் நடுப்பகுதிக்கு முன்பா, பின்பா?

முன்பு என்றால் பாரிஷ் சர்ச்சின் கல்லறைதான் முதல் ஊகம். 1813 முதல் அச்சிட்ட படிவத்தில் பெயர், குடியிருந்த இடம், தேதி, வயது, சடங்கு செய்த குரு பெயர் என்று எழுதினார்கள். உறவுமுறைக்குக் கட்டம் இல்லை, தெருவையும் வயதையும் வைத்துத்தான் பொருத்தவேண்டும். பதிவேடு எரிந்தோ நைந்தோ போயிருந்தால் பிஷப் அலுவலகத்துக்கு அனுப்பிய பிரதி இருக்கிறதா என்று மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். குடும்பம் சர்ச் ஆஃப் இங்கிலாந்தைச் சேராத மெதடிஸ்டோ பாப்டிஸ்டோ என்றால் நேஷனல் ஆர்க்கைவ்ஸில் ஆர்.ஜி. 4 என்ற தொகுப்பு. தனியார் நடத்திய கல்லறைகள் சிலவற்றின் பதிவேடுகள் ஆர்.ஜி. 8-இல் இருக்கின்றன.

பின்பு என்றால் ஊர் நடுவில் இருந்த சர்ச் கல்லறையில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 1852-இல் லண்டனுக்கும், 1853-இல் மற்ற ஊர்களுக்கும் வந்த அடக்கச் சட்டங்கள் நிரம்பி வழிந்த நகரக் கல்லறைகளை ஒவ்வொன்றாக மூடவைத்தன. உங்கள் பாரிஷ் எந்த ஆண்டு மூடப்பட்டது என்பதற்கான ஆணை லண்டன் கெஜட் என்ற அரசிதழில் வெளியாகியிருக்கும். அந்தப் பழைய இதழ்கள் இணையத்தில் இலவசம். அதன்பிறகு அடக்கமெல்லாம் நகர விளிம்பில் இருந்த பெரிய தோட்டங்களுக்குப் போனது. லண்டன் கிழக்கு என்றால் 1841-இல் திறந்த டவர் ஹாம்லெட்ஸ், 1856-இல் திறந்த சிட்டி ஆஃப் லண்டன் கல்லறைத் தோட்டம். மான்செஸ்டர் என்றால் 1866-இல் திறந்த ஃபிலிப்ஸ் பார்க், 1879-இல் திறந்த சதர்ன். லிவர்பூல் என்றால் டாக்ஸ்டெத் பார்க், ஆன்ஃபீல்ட்.

சிட்டி ஆஃப் லண்டன் கல்லறையின் பழைய பதிவேடுகளை அதன் தளத்திலேயே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். டவர் ஹாம்லெட்ஸ் பதிவேடுகள் லண்டன் ஆர்க்கைவ்ஸில் இருக்கின்றன. மான்செஸ்டர் நகராட்சிக்குச் சொந்தத் தேடல் தளம் உண்டு. மற்றப் பல நகராட்சிகளின் பதிவேடுகள் டிஸீஸ்ட் ஆன்லைன் தளத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கும். அங்கே காசு கட்டுவதற்கு முன், இறந்த தேதிக்குப் பிறகு இரண்டு வாரம் வரை பெயர் வருகிறதா என்று இலவசத் தேடலிலேயே பார்த்துவிடுங்கள். கூலி வேலைக் குடும்பங்கள் பணம் திரளும் வரை, அல்லது சம்பளம் இழக்காமல் எல்லோரும் வரக்கூடிய ஞாயிறு வரை, உடலை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அடக்கம் என்பது சாதாரணம்.

இங்கே எளிதில் நழுவும் இடம் ஒன்று உண்டு. இந்தத் தோட்டங்கள் சர்ச் ஆஃப் இங்கிலாந்தாருக்கு ஒரு பகுதி, மற்றவர்களுக்கு ஒரு பகுதி என்று பிரிந்திருந்தன, பல இடங்களில் பதிவேடும் தனித்தனி. ஒரு பதிவேட்டில் இல்லையென்று பார்த்துவிட்டு "இந்தத் தோட்டத்திலேயே இல்லை" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இரண்டையும் கேளுங்கள். ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம் என்றால் தோட்டமே வேறு: லண்டனில் 1858-இல் திறந்த கென்சல் கிரீன் செயின்ட் மேரிஸ், 1868-இல் திறந்த லேட்டன்ஸ்டோன் செயின்ட் பேட்ரிக்ஸ். கத்தோலிக்க சர்ச் பதிவேடுகளில் பெயர்கள் லத்தீனில் இருக்கும். ஜேம்ஸ் ஜேகோபஸ் ஆகியிருப்பார், வில்லியம் குலியெல்மஸ் ஆகியிருப்பார்.

இறந்த இடம் வொர்க்ஹவுஸோ அதன் ஆஸ்பத்திரியோ என்றால் கேள்வி மாறுகிறது. உறவினர் உடலைக் கேட்டு வாங்கினார்களா? வாங்கியிருந்தால் மேலே சொன்ன தோட்டங்கள்தான். வாங்கவில்லையென்றால் செலவு யூனியனுடையது, அந்த யூனியன் எந்தத் தோட்டத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தது என்று பார்க்கவேண்டும். அது யூனியனை நடத்திய கார்டியன்ஸ் போர்டின் கூட்டக் குறிப்புகளில் இருக்கும். லண்டன் பாரிஷ்கள் சில 1854-இல் திறந்த புரூக்வுட் கல்லறைக்கு அனுப்பின. அது நகரத்துக்கு ஏறக்குறைய 25 மைல் தள்ளி, சர்ரேயில். உடல்களும் உறவினரும் வாட்டர்லூ பக்கத்திலிருந்து தனி ரயிலில் போனார்கள். சவுத்வார்க்கில் இறந்தவர் வோக்கிங் அருகே புதைக்கப்பட்டிருப்பது இப்படித்தான். புரூக்வுட் பதிவேடுகளை வோக்கிங்கில் உள்ள சர்ரே ஹிஸ்டரி சென்டரில் பார்க்கலாம்.

யாரும் கேட்டு வாங்காத உடலுக்கு இன்னொரு வழியும் இருந்தது. 1832 அனாடமி சட்டம் வொர்க்ஹவுஸ்களும் மருத்துவமனைகளும் அத்தகைய உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்க அனுமதித்தது. பள்ளி தன் செலவில் சில வாரம் கழித்து அடக்கம் செய்யவேண்டும். அதனால் இறந்த தேதியை ஒட்டித் தேடினால் அகப்படாது, சில மாதம் தள்ளியும் பாருங்கள். படிக்கவே மனம் கனக்கும் பதிவு இது. குடும்பத்தாரிடம் சொல்லும்போது இது உறவினரின் அலட்சியமாக இருக்கவேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இறந்த செய்தியே எட்டாமல் போன குடும்பங்களும், அடக்கச் செலவுக்கு வழியில்லாத குடும்பங்களும் உண்டு.

யூனியன் எது என்று தெரிந்து, அந்த ஆண்டுக் குறிப்புகள் இணையத்தில் இல்லை, காப்பகத்துக்குப் போகவும் முடியவில்லை என்றால், இப்போது ஆய்வாளரைக் கூப்பிடலாம். கேள்வி குறுகிவிட்டதால் சில மணிநேர வேலையில் பதில் வரும்.

## அடக்கப் பதிவு கிடைத்தது, ஆனால் அதே குழியில் முன்பின் தெரியாதவர்கள்

பதறவேண்டாம், பதிவு தப்பில்லை. அது பொதுக் குழி. ஆழமாக வெட்டி, உறவில்லாத பலரை ஒருவர்மேல் ஒருவராக அடக்கி, நிரம்பியதும் மூடுவார்கள். கல் வைக்க உரிமை கிடையாது. டவர் ஹாம்லெட்ஸில் மிகப் பெரும்பான்மை அடக்கங்கள் இப்படித்தான்.

இதை உடனே "பிச்சைக்கார அடக்கம்" என்று எழுதிவிடுகிறார்கள். இது எனக்குப் பொறுக்காது. பொதுக் குழிக்கும் கட்டணம் உண்டு. பெரும்பாலான குடும்பங்கள் அதைத் தாங்களே கட்டினார்கள். வாரத்துக்கு ஒரு பென்னி என்று அடக்கச் சங்கத்திலும், 1854 முதல் ப்ரூடென்ஷியல் மாதிரி வீடு தேடி வந்து வசூலித்த நிறுவனங்களிலும் சேர்த்த காசு அது. சோற்றைக் குறைத்துக்கொண்டுகூட அந்தப் பென்னியை விடாமல் கட்டினார்கள், பாரிஷ் செலவில் போகக்கூடாது என்பதற்காக. ஆகவே பதிவேட்டில் கட்டணக் கட்டத்தைப் பாருங்கள். தொகை இருந்தால் குடும்பம் கட்டியிருக்கிறது. யூனியன் பெயரோ பாரிஷ் பெயரோ இருந்தால்தான் பாரிஷ் அடக்கம்.

லீட்ஸில் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருந்தது. 1845-இல் திறந்த பெக்கெட் ஸ்ட்ரீட் கல்லறையில் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், கட்டினால் பொதுக் குழிதான், ஆனால் எல்லோர் பெயரையும் ஒரே கல்லில் முன்னும் பின்னும் வெட்டித் தருவார்கள். வரிசை வரிசையாக அந்தக் கற்கள் இன்றும் நிற்கின்றன. லீட்ஸ் குடும்பம் என்றால், பொதுக் குழி என்று பதிவு சொன்னாலும் நேரில் போய்ப் பாருங்கள், பெயர் இருக்கலாம்.

அடுத்து, அடக்கப் பதிவேட்டோடு நிற்காமல் குழிப் பதிவேட்டையும் கேளுங்கள். முதலாவது தேதி வரிசையில் இருக்கும், இரண்டாவது குழி எண் வரிசையில். அந்தக் குழியில் உள்ள எல்லோரும் சில நாள், சில வார இடைவெளியில் அடங்கியிருந்தால் பொதுக் குழி. பத்து, இருபது ஆண்டு இடைவெளியில் மூன்று பேர் என்றால் அது யாரோ விலைக்கு வாங்கிய குழி. அந்நியமாகத் தெரியும் அந்தப் பெயர்கள் பெரும்பாலும் மணமாகிப்போன சகோதரிகளும் மாமியார்களும்தான். வாங்கியவர் பெயரைக் கண்டிப்பாகக் கேளுங்கள். புதிய கிளை அங்கிருந்து தொடங்கும்.

பொதுக் குழி இருந்த இடத்தைத் தரையில் காட்டவேண்டும் என்றால் கல்லறை அலுவலகத்தின் பிளான் வேண்டும். சில அலுவலகங்கள் சிறு கட்டணத்துக்கு இடத்தைக் குறித்துத் தரும். இதற்கு ஆய்வாளர் தேவையில்லை.

## போய்ப் பார்த்தால் கல்லறையே இல்லை

பூங்காவாகவோ ரயில் நிலையமாகவோ ஆகியிருக்கும். பெத்னல் கிரீனில் 1876 வரை இருந்த விக்டோரியா பார்க் கல்லறைத் தோட்டம் இன்று மீத் கார்டன்ஸ் பூங்கா. யூஸ்டன் நிலையத்தை ஒட்டிய செயின்ட் ஜேம்ஸ் கார்டன்ஸ் கல்லறை புதிய அதிவேக ரயில் பாதைக்காக நம் காலத்தில்தான் தோண்டப்பட்டது. இடம் போனாலும் பதிவேடு போவதில்லை. உள்ளூர் ஆவணக் காப்பகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: உடல்கள் மாற்றப்பட்டனவா, எங்கே? கற்களை அகற்றும்முன் எழுத்துகளைப் படியெடுத்தார்களா? உள்ளூர்க் குடும்ப வரலாற்றுச் சங்கங்களிடம் இத்தகைய பட்டியல்கள் நிறைய உண்டு. லண்டன் கிழக்குக்கும் மான்செஸ்டர், லங்காஷையருக்கும் தனித்தனிச் சங்கங்கள் இருக்கின்றன.

## ஒரு சென்சஸில் இருந்தவர் அடுத்ததில் இல்லை

1841 முதல் பத்து ஆண்டுக்கு ஒரு சென்சஸ். அந்த ஓர் இரவு எங்கே படுத்திருந்தாரோ அங்கே பெயர். எனவே வீட்டில் இல்லை என்பதால் இறந்துவிட்டார் என்று ஆகாது.

மனைவியின் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். விதவை என்றால் மேலே முதல் தலைப்புக்குப் போங்கள். மணமானவர், குடும்பத் தலைவி என்றிருந்தால் கணவன் உயிரோடு வேறெங்கோ. கடல் தொழிலாளியா, பட்டாளமா, ரயில்பாதை போடும் கூலியா? அதற்கேற்ப ஊரை மாற்றித் தேடுங்கள். விதவை என்று சொல்லிக்கொண்டவர் எல்லாம் விதவை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். 1857-க்குப் பிறகும் விவாகரத்துக்கு ஆகும் செலவு ஒரு கூலிக்காரரால் நினைத்துப்பார்க்க முடியாதது. பிரிந்து போனவர்கள் அப்படியே இன்னொரு குடும்பம் நடத்தினார்கள்.

திருமணப் பதிவே கிடைக்காமல் பிள்ளைகள் மட்டும் வரிசையாக இருந்தால், புது மனைவி இறந்துபோன மனைவியின் தங்கையா என்று பாருங்கள். 1835 முதல் 1907 வரை அந்தத் திருமணம் சட்டப்படி செல்லாது. அதனால் யாருக்கும் தெரியாத ஊரில் போய் மணந்தார்கள், அல்லது மணக்காமலே வாழ்ந்தார்கள்.

அப்புறம் நிறுவனங்கள். மனநலக் காப்பகங்களிலும் சிறைகளிலும் சில கணக்கெடுப்பாளர்கள் முழுப் பெயர் எழுதாமல் முதல் எழுத்துகளை மட்டும் போட்டார்கள். பெயரால் தேடினால் வரவே வராது. வயது, பிறந்த ஊர், தொழில் மூன்றையும் வைத்து அந்தப் பக்கங்களைக் கண்ணால் ஓட்டவேண்டும். வொர்க்ஹவுஸ் என்றால் சேர்க்கை விடுவிப்புப் பதிவேடு. 1869 வாக்கில் தொடங்கிய மதப் பதிவேடு இன்னும் நல்லது. பிறந்த ஆண்டு, எங்கிருந்து வந்தார், நெருங்கிய உறவினர் பெயர் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். லண்டன் யூனியன்களின் பதிவேடுகள் லண்டன் ஆர்க்கைவ்ஸில் இருக்கின்றன, பெரும்பகுதியைக் கட்டணத் தளத்திலும் பார்க்கலாம்.

உதவி கேட்டு வந்தவர் எந்தப் பாரிஷின் பொறுப்பு என்று தீர்மானிக்க அதிகாரிகள் நடத்திய விசாரணைகளும் எழுத்தில் இருக்கின்றன. எங்கே பிறந்தேன், யாரை எந்த சர்ச்சில் மணந்தேன், எந்தத் தெருவில் எத்தனை ஷில்லிங் வாடகை கொடுத்தேன், கணவன் எப்போது விட்டுப்போனான் என்று அந்தப் பெண்ணே சொன்னதை எழுத்தர் குறித்திருப்பார். ஒரு சலவைக்காரியின் முழு வாழ்க்கையும் இரண்டு பக்கத்தில் கிடைக்கும். உங்கள் பாரிஷுக்கு இந்தத் தாள்கள் மிஞ்சியிருக்கின்றனவா என்பதை வேறெதற்கும் முன் நேஷனல் ஆர்க்கைவ்ஸின் டிஸ்கவரி கேட்டலாகில் பாருங்கள். இன்டெக்ஸ் இல்லாமல், கையெழுத்தும் புரியாமல் இருந்தால் இந்த வேலைக்கு ஆய்வாளருக்குக் காசு கொடுப்பது தகும்.

## சான்றிதழில் உள்ள தெரு வரைபடத்தில் இல்லை

இடித்திருப்பார்கள், அல்லது பெயர் மாற்றியிருப்பார்கள். லண்டனில் ஒரே பெயரில் பல தெருக்கள் இருந்ததால் 1855-க்குப் பிறகு பெயர் மாற்றமும் வீட்டு எண் மாற்றமும் நிறைய நடந்தன. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்தின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்களையும் காசில்லாமல் பெரிதாக்கிப் பார்க்கலாம். இறந்த ஆண்டுக்கு அருகில் வந்த பதிப்பை எடுங்கள். லண்டன் என்றால், அன்றைய வறுமையை ஆராய்ந்த சார்ல்ஸ் பூத் தெருத் தெருவாக நிறம் தீட்டிய வறுமை வரைபடமும் இணையத்தில் உண்டு. கறுப்பும் கருநீலமும் மிக வறிய தெருக்கள், இளஞ்சிவப்பு ஓரளவு வருமானம் உள்ளவை.

முகவரியில் தெரு எண் மட்டும் இருந்து அது பெரிய கட்டடமாக வரைபடத்தில் தெரிந்தால் வொர்க்ஹவுஸா ஆஸ்பத்திரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## குழந்தை பிறந்து இறந்ததாகக் குடும்பம் சொல்கிறது, பதிவு இல்லை

இறந்தே பிறந்த குழந்தைகளை அரசு பதியத் தொடங்கியது 1927-இல்தான். அதற்கு முன் பிறப்பும் கிடையாது, இறப்பும் கிடையாது. கல்லறைப் பதிவேட்டில் மட்டும் பெயரில்லாமல், இன்னாருடைய குழந்தை என்று ஒரு வரி இருக்கலாம். 1875-க்கு முன் பிறப்பைப் பதியவேண்டிய பொறுப்பு பெற்றோர்மேல் அழுத்தமாக இல்லாததால் விடுபட்டவையும் உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். தாய் 1911 வரை மணவாழ்க்கையில் இருந்தால் அந்த சென்சஸ் தாள் எத்தனை குழந்தை உயிரோடு பிறந்தது, எத்தனை இறந்தது என்று கேட்டுப் பதிவு செய்திருக்கிறது. எண்ணிக்கை பொருந்தவில்லையென்றால் தாயின் பிறந்த வீட்டுப் பெயரைப் போட்டு ஜி.ஆர்.ஓ. பிறப்பு இன்டெக்ஸில் தேடுங்கள். விட்டுப்போன பிள்ளைகள் வருவார்கள்.

## தடம் மெட்ராஸுக்குப் போகிறது

சிப்பாயாகவோ, 1856-இல் ராயபுரத்திலிருந்து ஓடத் தொடங்கிய ரயிலின் ஃபிட்டராகவோ, கோலார் தங்கவயலுக்கு வந்த கார்ன்வால் சுரங்கத் தொழிலாளியாகவோ வந்து இங்கேயே இறந்தவர் என்றால், இங்கிலாந்தின் இன்டெக்ஸில் அவர் அடக்கத்தைத் தேடவேண்டாம். மெட்ராஸ் மாகாண சர்ச்சுகள் தங்கள் பதிவுகளின் பிரதியை லண்டனுக்கு அனுப்பின. அவை பிரிட்டிஷ் லைப்ரரியில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 தொகுப்பு. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் அவற்றைத் தேடலாம். பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களைத் தேடுவோரின் ஃபிபிஸ் என்ற சங்கத்தின் தரவுத்தளம் இலவசம், அதில் தொடங்குங்கள். பட்டாள ஆளுக்கு நேஷனல் ஆர்க்கைவ்ஸின் டபிள்யு.ஓ. 97 தொகுப்பில் ஓய்வூதியத் தாள் இருந்தால் பிறந்த பாரிஷ் தெரிந்துவிடும். அதை வைத்து இங்கிலாந்துப் பக்கத்தைப் பின்னோக்கித் தொடரலாம்.

## ஆய்வாளரைக் கூப்பிடும்போது

ஆக்ரா (AGRA) என்ற, தொழில்முறை வம்சாவளி ஆய்வாளர்களின் பிரிட்டிஷ் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலிருந்து, அந்த மாவட்டத்து ஆவணங்களில் பழகியவரைத் தேர்ந்தெடுங்கள். பல காப்பகங்கள் தாங்களே கட்டண ஆய்வு செய்து தருகின்றன. ஒரே பதிவேட்டில் ஒரே பெயர் என்றால் அதுவே மலிவு.

"என் கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடியுங்கள்" என்று கொடுக்காதீர்கள். "இந்த யூனியனின் இந்த ஆண்டுச் சேர்க்கைப் பதிவேட்டில் இந்தப் பெயர், இந்த வயது" என்று கொடுங்கள். ஏற்கெனவே பார்த்த இடங்களின் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். மணிக்கணக்குக்கு உச்சவரம்பு சொல்லுங்கள். அறிக்கையில், ஒன்றும் கிடைக்காத பதிவேடுகளையும் அவற்றின் எண், ஆண்டு, விடுபட்ட பக்கங்களோடு எழுதித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டு உங்கள் மச்சினி மகன் அதே பதிவேட்டுக்கு மறுபடி காசு கட்டுவான்.